ஊட்டியிலிருந்து மைசூருக்கு ஒரே நாளில் காரில் போய்த் திரும்புவது: கணக்கை எங்கே தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம்: ஊட்டியில் குடியிருக்கிறார்கள், கோவைப் பதிவெண் கொண்ட மேனுவல் கியர் பெட்ரோல் கார், கணவன், மனைவி, ஏழு வயது மகள், அறுபத்தைந்து வயது அம்மா. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை கிளம்பி, மைசூர் அரண்மனை, மிருகக்காட்சிசாலை, சாமுண்டி மலை பார்த்து, மாலை பிருந்தாவன் தோட்டத்தையும் முடித்துக்கொண்டு, இரவு பத்து மணிக்குள் வீடு திரும்ப முடியுமா? ஓட்டுபவர் ஒருவர்தான், மலையில் ஓட்டிப் பழகாதவர். டயர் காற்றைப் பற்றியும் ஒரு கேள்வி.

போய்த் திரும்ப முடியும். நான்கு இடங்களைப் பார்க்க முடியாது. ஒரு இடம், நிதானமாக ஒரு மதியச் சாப்பாடு, அவ்வளவுதான் அந்த நாளில் அடங்கும். பிருந்தாவனை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே வண்ண நீரூற்று இருட்டிய பிறகுதான். அதைப் பார்த்துவிட்டு அன்றிரவு ஊட்டி வந்து சேர வழியே கிடையாது.

தூரம் கூடலூர் வழியாக ஏறக்குறைய 160 கிலோமீட்டர். சமவெளியில் இதே தூரத்தை மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம். இங்கே நாலரை மணி நேரம் வையுங்கள். ஊட்டியிலிருந்து கூடலூர் 50 கிலோமீட்டர் இறக்கம், அதற்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுத்து முதுமலை, பந்திப்பூர் காடுகள், வேகத்தடைகளோடு. குண்டலுப்பேட்டை தாண்டினால்தான் வண்டி ஓட்டுவது போல ஓட்ட முடியும். அங்கிருந்து நஞ்சன்கூடு வழியாக மைசூர் 60 கிலோமீட்டர். போக வர ஒரே ஆள் ஒன்பது மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்தைக் காலையிலிருந்து திட்டமிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. மாலையிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். 2009 முதல் இப்படித்தான். அவசர ஊர்திகளுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. சாவடியில் கெஞ்சிப் பயனில்லை. ஆனால் உங்கள் கெடு 9 மணி அல்ல. சாவடியில் 8.55க்கு நுழைந்தவர் இருட்டில் யானைக்காட்டைக் கடந்து, கூடலூரிலிருந்து நடுவட்டத்துக்குப் பனிமூட்டத்தில் ஏறி, ஊட்டி சேர நள்ளிரவு ஆகும். வயதான அம்மாவும் குழந்தையும் வண்டியில் இருக்கும்போது அது வேண்டாம்.

டிசம்பரில் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். காட்டை வெளிச்சத்தில் கடந்து, ஆறு மணிக்குள் கூடலூரில் இருக்க வேண்டும் என்று வையுங்கள். அப்படியானால் குண்டலுப்பேட்டைக்கு அப்பால், காடு தொடங்கும் மேல்காமனஹள்ளிச் சாவடியை நாலரைக்குள் தாண்ட வேண்டும். அதற்கு மைசூரை விட்டு 2.45க்குக் கிளம்ப வேண்டும். நகரத்தை விட்டு வெளியே வரவே இருபது நிமிடம் போய்விடும். மூன்றேகாலுக்கு மேல் தாமதித்தால் காட்டின் பிற்பகுதி இருட்டில்தான். காலையில் 6.15க்கு ஊட்டியை விட்டால் எட்டு மணிக்குள் கூடலூர், ஒன்பதரை வாக்கில் குண்டலுப்பேட்டை, அங்கே அரை மணி நேரம் டிபன், பதினொன்றேகாலுக்கு மைசூர். ஆக, மைசூரில் உங்களுக்குக் கிடைப்பது மூன்றரை மணி நேரம். அதற்குள் எது வேண்டும் என்பதை முந்தின நாளே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அரண்மனை வாசலில் நின்று பேசினால் அதிலேயே அரை மணி போகும்.

மகளுக்காகத்தான் இந்தப் பயணம் என்றால் மிருகக்காட்சிசாலை. நடை அதிகம், அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் உள்ளே பேட்டரி வண்டி கேளுங்கள். செவ்வாய்க்கிழமை அது விடுமுறை, சனிக்கிழமை பிரச்சினை இல்லை. அம்மாவுக்காக என்றால் அரண்மனை: காலை 10 முதல் மாலை 5.30 வரை திறந்திருக்கும், செருப்பை வெளியே விட வேண்டும், விடுமுறைக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு ஏழு மணிக்கு அரண்மனை முழுதும் விளக்கேற்றுவார்கள். ‘அதையும் பார்த்துவிட்டே போகலாம்’ என்று யாராவது சொன்னால் அன்றிரவு மைசூரில் அறை எடுங்கள். அந்தக் கூட்டத்திலிருந்து காரை வெளியே எடுத்து எழுபது கிலோமீட்டர் ஓட்டி ஒன்பதுக்குள் சாவடியைப் பிடிக்க நினைப்பவர்கள்தான் நஞ்சன்கூடு சாலையில் கண்மூடித்தனமாகப் பறக்கிறார்கள்.

இனி வழி. கைபேசி வரைபடம் தலைகுந்தாவில் வலப்புறம் திருப்பி, கல்லட்டி மலைப்பாதையில் மசினகுடி வழியாக இறங்கச் சொல்லும்; முப்பது கிலோமீட்டருக்கு மேல் மிச்சம் என்று காட்டும். அதைக் கேட்காதீர்கள். அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு மிகக் கடுமை. பிரேக் பிடிக்காமல் வண்டிகள் உருண்டு உயிர்கள் போனதால், வெளி மாவட்டப் பதிவெண் வண்டிகளைக் கீழே இறங்க விடுவதில்லை. நீங்கள் ஊட்டியிலேயே குடியிருந்தாலும் பலகையில் நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 இல்லை, திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வரும்போது அதே பாதையில் ஏற அனுமதி உண்டு. ஆனாலும் நான்கு பேரோடு, மலையில் ஓட்டிப் பழகாத ஒருவர், நாள் முழுக்க ஓட்டிய களைப்பில் ஏறுவதற்கு அது ஏற்ற பாதை அல்ல. முக்கால் மணி நேரம் மிச்சமாகலாம்; கிளட்ச் கருகினால் அந்த முக்கால் மணியோடு இன்னும் நிறையப் போகும்.

எனவே தலைகுந்தாவில் நேராக, பைக்காரா, நடுவட்டம், கூடலூர். டிசம்பர் காலையில் தலைகுந்தாவிலும் பைக்காராவைச் சுற்றியும் உறைபனி விழும். முன்கண்ணாடியில் பனி கட்டியிருந்தால் வெந்நீரை ஊற்றாதீர்கள்; கண்ணாடி விரிசல் விடும். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விட்டு, ஏசியைப் போட்டு, சூட்டைக் கூட்டி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். உள்ளே மூச்சுக் காற்றால் படியும் மங்கலும் அதில்தான் போகும். நால்வர் உட்கார்ந்த வண்டியில் ஏசி இல்லாமல் ஹீட்டரை மட்டும் போட்டால் மங்கல் மீண்டும் மீண்டும் வரும். மரநிழல் விழும் வளைவுகளில் பத்து மணி வரைக்கும் தார் ஈரமாகவே இருக்கும். அங்கே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக் மிதிக்கக் கூடாது. மூடுபனியில் லோ பீம் மட்டும். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். நான்கு பக்க இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டு ஓட்டுவது இப்போது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று தெரியாது. அதை நின்ற வண்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவட்டம் தாண்டியதும் உண்மையான இறக்கம் தொடங்குகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கூடலூர் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். அந்த இறக்கத்தின் பெரும்பகுதி ஊசிமலை, தவளைமலை காட்சி முனைகளை ஒட்டிய கடைசிப் பதினைந்து கிலோமீட்டரில் வருகிறது. இங்கே பழைய டிரைவர்கள் சொல்லும் விதி இன்றைக்கும் சரி: எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். உங்கள் காருக்கு அது இரண்டாவது கியர், சில இடங்களில் மூன்றாவது. காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் சத்தம் கூடுவதைப் பார்த்துப் பயந்து கியரை ஏற்றாதீர்கள். 3,000, 3,500 சுற்று எஞ்சினுக்கு ஒன்றும் செய்யாது. பிரேக்கை லேசாகத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வருவதுதான் ஆபத்து. சற்று அழுத்தமாகப் பிடித்து வேகத்தை இறக்கி, முழுதும் விட்டுவிடுங்கள்; விட்ட நேரத்தில்தான் பிரேக் டிஸ்க் ஆறும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிரேக் சூடாகும்போது இரண்டு கோளாறுகள் வேறு வேறு விதமாக வரும். டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேட் சூடேறினால் பிடிப்பு குறையும்: பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி நிற்காது, கருகிய வாடை வரும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும், ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரிக்கு வந்துவிடும். டாட் 3 என்றால் 205, பிறகு 140. இரண்டு ஆண்டுக்கு மேல் மாற்றாத ஆயில் என்றால், இந்தப் பயணத்துக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை அதை மாற்றுவது. ஊட்டியின் ஈரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு இது இன்னும் அவசியம். வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை அணைத்து உருளவிடுவதும் கூடவே கூடாது. எஞ்சின் நின்றால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்கு மேல் உதவி இருக்காது, ஸ்டியரிங் கல்லாகிவிடும். மிச்சம் என்பதும் பொய். இன்றைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது பெட்ரோல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் செலவாகும். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் ‘டி’யில் இறங்காமல் ‘எல்’ அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். மின்சாரக் கார் என்றால் ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக் கிளம்பாதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் திரும்ப வரும் மின்சாரத்துக்கு இடமில்லாமல் மோட்டார் பிடிப்பு குறைந்துவிடும்.

ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குபவர் கடமை. சனிக்கிழமை காலை மைசூர், பெங்களூரு வண்டிகள் வரிசையாக ஏறும். கொண்டை ஊசிக்கு முன் நின்று, பேருந்து முழுதாக வளைத்து முடிக்கும்வரை காத்திருங்கள். அதற்கு உங்கள் பக்கச் சாலையும் தேவைப்படும்.

டயர் காற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது கதவோரம் ஒட்டியிருக்கும் முழுச் சுமை அளவை ஊட்டியிலேயே பிடியுங்கள். மைசூரில் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். கீழே இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் மீட்டரில் இரண்டு பி.எஸ்.ஐ. குறையும், பத்து டிகிரிக் குளிரிலிருந்து முப்பது டிகிரி வெயிலுக்குப் போவதால் மூன்று கூடும். ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை, அதைப் பாருங்கள். காட்டுக்குள் பஞ்சர் ஆனால் அதுதான் துணை.

பெட்ரோலைக் கூடலூரில் நிரப்பிக்கொள்ளுங்கள். தொரப்பள்ளிச் சாவடியில் முதுமலை தொடங்கி, தெப்பக்காடு, கக்கநல்லா எல்லை, பந்திப்பூர் தாண்டும்வரை பங்க் இல்லை, கைபேசிக்குச் சிக்னலும் பல இடங்களில் கிடையாது. கழிப்பறைத் தேவையையும் கூடலூரிலேயே முடித்துவிடுங்கள், குழந்தையை வற்புறுத்தியாவது. காட்டுக்குள் வண்டியை நிறுத்தவோ இறங்கவோ அனுமதி இல்லை, அபராதம் உண்டு. மான் பார்த்தால் வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டே போங்கள். ஒரு புள்ளிமான் சாலையைக் கடந்தால் பின்னால் கூட்டம் வரும், முதல் மான் போய்விட்டது என்று முடுக்காதீர்கள். குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். போட்டுப் போட்டுத்தான் அவை சாலையோரத்திலேயே உட்கார்ந்து அடிபட்டுச் சாகின்றன.

யானை சாலையில் நின்றால் ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிறுத்துங்கள். எஞ்சின் ஓடட்டும், ஹாரன் வேண்டாம், விளக்கை மினுக்க வேண்டாம், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். முன்வண்டியின் வாலை ஒட்டி நிற்காமல் பின்வாங்க இடம் விடுங்கள்; யானை திரும்பி நடந்தால் அந்த இடம்தான் உயிர். எதிர்த் தடத்தில் முந்திப்போய் நின்று படமெடுப்பவர்களால் இரு பக்கமும் அடைபட்டு, குட்டியோடு நிற்கும் தாய் யானைக்குப் போக வழியில்லாமல் போகிறது. அது மிரளுவதற்கு வேறு காரணம் வேண்டாம். ஊட்டி–பைக்காரா பகுதியில் அந்தியில் காட்டெருமையும் இதே போலத்தான். கறுத்த உடம்பு ஹெட்லைட்டில் தெரியாது, கால்களின் வெள்ளை மட்டும் கடைசி நேரத்தில் தெரியும்.

இப்போது உங்களைத் திரும்பும்போது மாட்டிவிடக்கூடிய ஒன்று: இ-பாஸ். 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளிப் பதிவெண் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். டி.என். 43 வண்டிகளுக்கு வேண்டாம். ஊட்டியிலிருந்து கிளம்பும்போது யாரும் கேட்க மாட்டார்கள். மாலையில் கக்கநல்லாவில் உள்ளே நுழையும்போது கேட்பார்கள். அங்கே நின்று இணையத்தில் விண்ணப்பிக்க சிக்னலை நம்பாதீர்கள். முந்தின நாளே எடுத்து, அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமாகச் சேமித்து வையுங்கள். கோடைச் சீசனில் போவதாக இருந்தால் இன்னும் முன்பே பார்க்க வேண்டும்: 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள்.

பிளாஸ்டிக்கும் அங்கேயே சோதிப்பார்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை. மைசூரில் வாங்கிய பாட்டில், கேரி பேக் எல்லாவற்றையும் இறக்க வைப்பார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள், மைசூர்பாகை அட்டைப் பெட்டியோடு துணிப்பையில் வாங்குங்கள். சாவடிகளில் சிறு தொகைக் கட்டணங்களுக்குச் சில்லறை வேண்டும்; மைசூர்–நஞ்சன்கூடு இடையே கடகொளாவில் சுங்கச்சாவடி இருக்கிறது, பாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, உரிமம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும்.

குழந்தைக்கு வளைவில் வாந்தி வருமென்றால் மருத்துவரிடம் கேட்ட மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் கொடுங்கள். வாந்தி தொடங்கிய பின் கொடுத்துப் பயனில்லை. காலையில் வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. ஒரு இட்லி போதும். இறங்கும்போது காது அடைத்தால் மிட்டாய் சப்பக் கொடுங்கள்.

திரும்பும்போது கூடலூரில் கால் மணி நேரம் கட்டாயம் நில்லுங்கள், களைப்பில்லை என்று தோன்றினாலும். இனிதான் ஏற்றம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு நூறு மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஒரு சதவீதம் சக்தியை இழக்கும். நடுவட்டத்தை நெருங்கும்போது வண்டி மந்தமாவது கோளாறு அல்ல. கியரை முன்கூட்டியே குறையுங்கள், ஏசியை அணையுங்கள். நெரிசலில் நின்று நின்று ஏறும்போது அரைக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிற்காதீர்கள்; கை பிரேக் போட்டு நில்லுங்கள். வெப்ப முள் ஏறினால் ஹீட்டரை முழுதும் திறந்து ஓரம்கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பயணம் என்றால் இந்தக் கால அட்டவணையை நம்ப வேண்டாம். கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் நேர்வாசல். மரம் விழுவதும் மண் சரிவதும் அந்த மாதங்களில்தான். டிசம்பரில் அந்தக் கவலை குறைவு.

ஒருவேளை மைசூரில் தாமதமாகி, குண்டலுப்பேட்டைக்கே எட்டரைக்குத்தான் வந்து சேர்ந்தீர்கள் என்றால், வேறு வழி தேடாதீர்கள். சுல்தான் பத்தேரிச் சாலையும் அதே பந்திப்பூர்க் காட்டுக்குள் போவதால் இரவில் மூடல். சாமராஜநகர் போய் ஆசனூர், திம்பம் வழியாக இறங்கலாம் என்று வரைபடம் காட்டும். 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தத் திம்பம் பாதையும் 2022 பிப்ரவரியிலிருந்து கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். குண்டலுப்பேட்டையிலேயே அறை எடுத்துத் தங்கி, காலை ஆறு மணிக்குச் சாவடி திறந்ததும் புறப்படுங்கள். அம்மாவின் மாத்திரைகளையும் குழந்தைக்கு ஒரு மாற்று உடையையும் ஸ்வெட்டரையும் இதற்காகவே ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.